ஒரு முழ இடைவெளி

சனிக்கிழமை மத்தியானம் எர்ணாவூர் வீட்டுக்குள் நுழைந்த நெல்சன், சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே சமையல் அலமாரி முன்னால் போய் நின்றுகொண்டான். பருப்பு, புளி, சர்க்கரை, ரவை, மிளகாய்த்தூள், டீத்தூள் என்று ஆறு எவர்சில்வர் டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. அடுக்கியது அவன்தான். பன்னிரண்டு வருஷம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பியும் குழாயும் அடுக்கிய கை. நெல்சன் அடுக்கினால் நடுவில் காற்றுகூடப் போகாது என்று மேஸ்திரியே லாரிக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார். அந்தப் பெருமையில் நேற்று மண் விழுந்துவிட்டது.

"இன்னாயா, வந்ததும் வராததுமா டப்பாவ மொறைச்சிகினு நிக்கிற?" என்றாள் அவன் மனைவி ஹெப்சிபா.

அவன் சட்டைப் பையில் கேட் பாஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். தெற்கே கடலோரத்தில் அணு உலைக்கு எரிபொருள் செய்கிற ஆலை ஒன்றில் மூன்று மாதமாக ஒப்பந்த வேலை. திங்கள் போனால் சனி திரும்புவான். மகள் ஷாலுவுக்கு இழுப்பு. இந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் சோற்றிலேயே அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிகிறது. இந்த வேலை நிலைத்தால் அடுத்த மாதமே மாதவரம் பக்கம் வீடு பார்த்துப் போய்விடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள். பாஸ் போனால் எல்லாம் போச்சு.

முதல் வாரமே அங்கே அவன் எடுத்து வைக்க வேண்டிய டப்பா அவனைக் கிறுகிறுக்க வைத்தது. உள்ளே இருந்தது புளுட்டோனியத் தூள். உலையில் எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து பிரித்தெடுத்து, மறுபடி உலைக்கே அனுப்புவது. ஹார்லிக்ஸ் டப்பா அளவுதான் இருக்கும். எடுத்துப் பிடித்தால் இரண்டு கையுறையையும் தாண்டி வெதுவெதுவென்றது. அடுப்பில்லை, கரண்டில்லை, வெயில்கூட இல்லை. "இது எப்ப மேடம் ஆறும்?" என்று கேட்டான். பாதுகாப்பு அதிகாரி ஜஹானாரா பழைய வண்ணாரப்பேட்டைப் பெண், அவனைவிட வயதில் சின்னவள். சிரிக்காமல் சொன்னாள்: "அதுல பாதி கழியவே இருவத்துநாலாயிரம் வருஷம் ஆவும்ணா." அம்மாடியோவ்! ஏசு பிறந்தே இரண்டாயிரம்தானே ஆகிறது! எண்ணூரில் ஒரு கூட்ஸ் வண்டி நிறைய நிலக்கரி எரித்துச் செய்கிற வேலை இந்தக் கைக்கடக்கமான டப்பாவுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. அன்று முழுக்க அவன் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தித்தான் எடுத்தான். பயம் என்று மட்டும் சொல்ல முடியாது. கோயில் பீடத்துக்கு முன்னால் போய் நிற்கும்போது வருகிற நடுக்கமும் அதில் இருந்தது.

ஒவ்வொரு டப்பாவுக்கும் தனி இரும்புக் கூண்டு. நடுவில் டப்பா, சுற்றிலும் ஒரு முழம் வெற்றிடம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கூண்டைவிட்டு வெளியே வரலாம். "இவ்ளோ எடம் வீணாவுதே மேடம்" என்று இவன் அங்கலாய்த்தபோது அவள் சொன்னாள்: "அந்த எடம்தான்ணா நம்ம உசுரு. தனியா இருந்தா அது சாது. நாலு ஒண்ணா நெருங்கிச்சுன்னா ஒண்ண ஒண்ணு கிளப்பிவுடும். நடுவுல தண்ணி வந்தா இன்னும் சீக்கிரம். சத்தமே இருக்காது, நீலமா ஒரு வெளிச்சம். கிட்டக்க நின்னு பாத்தவன் ரொம்ப நாள் இருக்க மாட்டான்."

இத்தனையும் கேட்டவன்தான் நேற்று சாயங்காலம் அதைச் செய்தான். எடை பார்க்க ஒரு டப்பா வெளியே இருந்தது. இன்னொரு கூண்டின் கொக்கி இறுகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய உள்ளே இருந்த டப்பாவை எடுத்துக் கீழே வைத்தான். எங்கே வைத்தான்? முதல் டப்பாவை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், வாகாக. கொக்கியைத் தட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் இரண்டும் ஒட்டி நிற்பதைப் பார்த்தான். அபாய மணி எதுவும் அடிக்கவில்லை. எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினான். யாரும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் ஹெப்சிபாவிடம் கொட்டினான். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஒண்ணும் ஆவலல்ல?"

"ஆவல."

"அப்ப வுடு. வாயத் தொறந்து வேலையத் தொலைக்காத. உள்ள ஷாலு இழுத்துகினு கீறா, கேக்குதுல்ல?"

கேட்டது. அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கையைக் கழுவினான். மறுபடி அலமாரி முன்னால் வந்து நின்றான்.

"நான் வெக்கணும்னு வெக்கலடி. கை வெச்சிடுச்சு."

ஹெப்சிபா அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "திங்கக்கெழமலேர்ந்து உன்கூட யாரு சேர்றா?"

"சண்முகவேலு. நான்தான வேலைக்குச் சொல்லிவுட்டேன்."

"அவனும் சாத்தாங்காடுதான?"

"நானும் அவனும் ஒரே லோடுதான் அடுக்குவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அதே மேஸ்திரி பழக்கிய இன்னும் இரண்டு கைகள். ஹெப்சிபா ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ஜஹானாராவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிவில் ஒரே ஒரு கேள்வி: "பக்கத்துல தண்ணி இருந்துச்சாண்ணா?"

"இல்ல மேடம்."

அவள் மூச்சு விடுவது போனில் கேட்டது. "ரெண்டுக்கு ஒண்ணும் ஆவாது. ஒரு தடவ தவறினாலும் தாங்குற மாதிரிதான் கணக்கு போட்டிருக்கு. ஆனா கைப்பழக்கத்தை நான் அதுல சேக்கலண்ணா. எனக்கு அது தோணவே இல்ல. மேல எழுதித்தான் ஆவணும். பாஸ் நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. திங்கக்கெழம வாங்க. சண்முகவேலு கிட்ட நீங்களே சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு நெல்சன் அலமாரிப் பக்கம் திரும்பினான். ஹெப்சிபா டப்பாக்களை இறக்கி, கையால் முழம் போட்டு மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு நின்ற தட்டில் இரண்டுதான் நின்றன. மற்ற நான்கையும் தரையிலேயே தள்ளித் தள்ளி வைத்தாள். ஷாலு இழுத்துக்கொண்டே எழுந்து வந்து தண்ணீர் மொண்டாள். தரையைப் பார்த்தாள். ததும்பும் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிலும் இடித்துவிடாமல், ஒவ்வொரு டப்பாவையும் சுற்றிச் சுற்றி நடந்தாள். பெரியவர்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.