எந்த எலக்ட்ரீசியனுக்கும் தெரிந்த பெட்டி

போன் மணி அடிக்கும்போதே கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டும் பெட்டி ஒன்றை என் வீட்டுக்காரர் குழந்தைவேல் செய்தார். குமாரபாளையத்தில் தங்கசாமியின் நூல் மில்லில் அவர்தான் டெலிபோன் மெக்கானிக். மில்லுக்குள் இருந்த நாற்பது போன்களுக்கும் அந்தப் பெட்டி வேலை செய்தது. காப்புரிமை கேட்டு எழுதிப்போட்டதும் முதலாளிக்கு வயிறு எரிந்துவிட்டது. "ஆபரேட்டர் போர்டில் எரிகிற விளக்கை மேசைக்கு இழுத்திருக்கிறான், எந்த எலக்ட்ரீசியனுக்கும் தெரிந்த வேலை" என்று எதிர்மனு போட்டார். காப்புரிமை ஆபீசில் அதையே ஏற்றுக்கொண்டு, கிடையாது என்றார்கள். நாங்கள் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டோம். அது 1984.

அந்தத் தெரிந்த வேலையைத் தங்கசாமியின் எலக்ட்ரீசியன்கள் மூன்று பேராலும் செய்ய முடியவில்லை. இரண்டு போன் ஒன்றாக அடித்தால் அவர்கள் செய்த பெட்டி உளறியது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் நான்கு பேர் வீட்டுக்குள் புகுந்தார்கள். ஒருவன் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். மற்றவர்கள் அவரைக் குப்புறத் தள்ளி, வலது கையை இழுத்து அம்மி மேல் வைத்தார்கள்.

"ரெண்டு போன் சேந்து அடிச்சா எப்படீடா பிரிக்கறே? சொல்லு!"

கேட்டவன் குழவியைத் தூக்கிப் போட்டான். விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி கேட்டான், மறுபடி போட்டான். அவர் தலையைத் தூக்கிச் சொன்னார்:

"எல்லாருக்கும் தெரியும்னு கோர்ட்டுல சொன்னீங்க. அப்புறம் என்னை எதுக்குடா கேக்கறீங்க?"

பல்லை உடைத்தார்கள். நான் திமிறிப் போய் அரிவாள்மணையை எடுத்து வீசினேன். ஒருவன் தோள் கிழிந்தது, ஓடினார்கள். இன்னும் ஆழமாகப் பட்டிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஊர்ப் பெரியவர்கள் மாரியம்மன் கோயில் முன்னால் தங்கசாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கோர்ட்டுக் காகிதத்தில் அவர் எந்தப் பொய்க்கும் கையெழுத்துப் போடுவார். சூடம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்ய மட்டும் எங்கள் பக்கத்தில் ஒருத்தனுக்கும் துணிச்சல் வராது.

"ஆளே அனுப்பலேன்னு அணைச்சுட்டுப் போங்க" என்றேன்.

எரியும் சூடத்துக்கு மேலே நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

"அடிக்கச் சொல்லலீங்க. ரெண்டு போனை எப்படிப் பிரிக்கறான்னு கேட்டுட்டு வரத்தானுங்க அனுப்பினேன். எங்க ஆளுங்களுக்குப் புடிபடலீங்க."

கூட்டத்தில் நின்ற எங்கள் வக்கீல் குமாஸ்தா அதை அப்படியே எழுதினார். பெரியவர்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதம் அப்பீலில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. "ஜெயிச்சுட்டோம் புள்ளே" என்று கத்திக்கொண்டு என் வீட்டுக்காரர் என் கையைப் பிடிக்க வந்தார். கட்டைவிரல் தவிர ஒன்றும் மடங்கவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.