சீரோடு போன பூகோள நோட்டு

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். கண்டனூரில் நாங்கள் காவல் இருந்த செட்டியார் வீடு எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களைத்தான் தின்றது. முதலாளி வீட்டார் கல்யாணம், திருவிழா என்றால்தான் மதராஸிலிருந்து வருவார்கள். மற்ற நாளெல்லாம் அத்தனை அறையும் எங்கள் ராஜ்யம். தம்பி தங்கச்சாமி கணக்கு நோட்டைக் கொல்லையில் விடுவான். நான் தமிழ்ப் புத்தகத்தை மாடியில் மறப்பேன். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது ஆளுக்கொரு பக்கம் தேடி ஓடுவோம்.

"இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒரு பொஸ்தகத்துக்கு எடமில்லையாடி?" என்று அம்மா காளியாயி ஒருநாள் கொதித்துப் போனாள்.

முதலாளி மகள் சீதைக்குப் பிறந்த நாளிலிருந்து சேர்த்த கல்யாணச் சாமான்கள் ஓர் அறை நிறைய இருந்தன. துடைத்து அடுக்குவது அம்மாவின் வேலை. எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்தப் பாத்திரங்களையே எங்கள் பாடங்களுக்குப் பங்கு போட்டாள். கணக்கு அண்டாவில், தமிழ் பித்தளை வாளியில், பூகோளம் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் தூக்கில்.

"படிச்சு முடிச்சா அதது அததுக்குள்ள போயிறணும். சும்மாதான கெடக்கு!"

அதன்பிறகு ஒரு துண்டுக் காகிதம்கூடத் தொலையவில்லை.

நான் எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுத இருந்த சமயம் சீதைக்குக் கல்யாணம் வந்தது. பூகோள நோட்டில் எல்லாத் தேசப்படமும் வரைந்து கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவேன் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கல்யாணச் சந்தடியிலும் கடைசிப் படத்துக்கு வர்ணம் தீட்டி, பழக்க தோஷத்தில் தூக்குக்குள் போட்டு மூடினேன். மறுநாள் நோட்டை எடுக்கப் போனால் அறை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. சீரெல்லாம் லாரியேறி, பள்ளத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது.

ஓவென்று அழுதேன். வீட்டுச் சாமானில் கைவைத்தது தெரிந்தால் வேலையே போய்விடும் என்று அப்பா கருத்தையா பயந்தார்.

"போனாப் போகட்டும். பிள்ளைக்கு ஒரு வருசம் போகலாமா?" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பள்ளத்தூரில் சாமான்களைக் கூடம் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் போய், மாப்பிள்ளையின் தாயார் முன் நின்றாள். "ஆச்சி, கோவிச்சுக்கிராதீக. அந்தத் தூக்குக்குள்ள எம் மகளோட பூகோள நோட்டு இருக்கு."

கூடமே திரும்பிப் பார்த்தது. "சீராக வந்ததைத் திருப்பிக் கொடுத்தால் பெண்ணுக்கு ஆகாது" என்று ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

மணப்பெண் சீதை எழுந்து வந்து தூக்கைத் திறந்தாள். நோட்டைப் பிரித்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எங்க அப்பச்சி இந்தியாவையே சீராக் குடுத்துவிட்டிருக்காகளே!" என்றவள் மாமியார் உமையாள் ஆச்சியிடம் திரும்பினாள். "திருப்பித்தான குடுக்கக் கூடாது? எஞ் சாமானை நான் புதுசா ஒருத்திக்குக் குடுக்கலாம்ல?"

உமையாள் ஆச்சி குலுங்கிச் சிரித்தார். "தாராளமாக் குடு. முதன்முதலாக் குடுக்கிறவ வெறும் நோட்டையா குடுப்ப? தூக்கோட குடு."

திரும்பும் பஸ்ஸில் தூக்கை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இனி இந்தப் பாத்திர ஏற்பாட்டை அம்மா விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அம்மாவாவது, விடுவதாவது!

"பாத்தியாடி? வைக்கிற எடத்துல வச்சதாலதான் கெடச்சுச்சு. முன்ன மாதிரி கண்ட எடத்துல போட்டிருந்தா, இந்நேரம் எங்குட்டுப் போய்த் தேடுவ?"

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் தூக்கோடுதான் அனுப்பினாள்.

"என்ன முத்தழகு, சாப்பாடா?" என்றார் டீச்சர்.

"பூகோளம், டீச்சர்" என்று மூடியைத் திறந்தேன்.