மூன்று தடவை மணி அடித்த புகார்கள்

கல்லூரியில் கணக்குப் பாடத்தில் ஒரு தடவை மண்ணைக் கவ்வியவள் என்பதால், குடிநீர் அலுவலகத்தில் அவளுக்குக் 'கணக்குப்புலி' என்றே பெயர். ஒன்பது வருடமாகப் புகார்ப் பிரிவில் குமாஸ்தா. அந்தப் புலிக்குத்தான் பொதுக்கொள்கையில் முதுகலை படிக்கும் ஆசை வந்தது. இலக்கியப் பட்டம் மட்டும் போதாது, புள்ளியியலும் தெரியும் என்று காட்ட வேண்டும் என்றது பல்கலைக்கழகம். காட்டிவிட்டால் போச்சு என்று அவளும் மாலை வகுப்பில் சேர்ந்து, ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

வகுப்பின் கடைசி அறிக்கையைத்தான் விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, தன் அலுவலகப் புகார்களையே எடுத்துக்கொண்டாள். பங்களாத் தெருக்களில் ஒரு புகார் தீரப் பதினொரு நாள். ஏழைகள் இருக்கும் மேட்டுத் தெருவில் இரண்டே நாள்! வரைபடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

கெடு முடிய ஐந்து நாள் இருக்கையில், பஸ் ஓட்டும் அவள் கணவன் காலைக் காப்பியோடு அதைப் பார்த்தான்.

"மேட்டுத் தெருவுல ரெண்டே நாளா? யாருகிட்ட கதை விடுற? அந்த ஜனம் தினமும் தண்ணி கேனோட என் பஸ்லதான் ஏறுது."

"கம்ப்யூட்டர்ல தீர்ந்ததுன்னு இருக்கே!"

"கம்ப்யூட்டருக்குத் தாகம் எடுக்குமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. புகார் கொடுத்தவரை மூன்று தடவை போனில் கூப்பிடுவது, எடுக்காவிட்டால் 'தீர்ந்தது' என்று மூடிவிடுவது அலுவலக வழக்கம். மேட்டுத் தெருக்காரர்கள் ஆலைத் தொழிலாளிகள். ஆலை வாசலிலேயே காவலாளிகள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்; பகலில் யார் எடுப்பது? மூடியதில் பாதிக்குமேல் அவள் கையால் மூடியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நாலு நாள் லீவு போட்டு, போன் எடுக்காததால் மூடியவற்றைத் தனியே பிரித்தாள். மேட்டுத் தெருவின் ஐந்நூறு புகாரில் நிஜமாகத் தீர்ந்தவையாக முப்பத்தெட்டுதான் மிஞ்சின. அவற்றின் சராசரி பத்தொன்பது நாள். அழகான வரைபடம் குப்பைக்குப் போயிற்று.

அவளைவிட ஆறு வயது சின்னவரான வகுப்பு ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "முப்பத்தெட்டை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது மேடம். பழசு பளிச்சுனு இருந்துச்சு. இதுல யார் மூடினாங்கன்னு வேற எழுதியிருக்கீங்க!"

"மூடினது நான்தானே சார். எழுதாம எப்படி? முப்பத்தெட்டு போதாதுன்னும் எழுதியிருக்கேன், பாருங்க."

அப்படியே அனுப்பினாள்.

நேர்முகத்தில் பேராசிரியை சுற்றி வளைக்கவில்லை. "கணக்குல ஃபெயிலாகியிருக்கீங்க. இங்க பாதி கணக்குதான். சமாளிப்பீங்களா?"

"கூட்டிக் கழிக்கிறது எனக்கு வந்துடுச்சு மேடம். எதைக் கூட்டக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் ஒன்பது வருஷமும் ஒரு பஸ் டிரைவரும் தேவைப்பட்டாங்க."

பேராசிரியை சிரித்துவிட்டார். இடம் கிடைத்தது.

வேலையை விடுமுன் கடைசி வாரம், ஆலை விட்ட பிறகு, மேட்டுத் தெரு எண்களை அவள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். முதல் போனையே ஒரு பெண் எடுத்தாள்.

"வாட்டர் ஆபீஸ்லேர்ந்து பேசுறேங்க. போன வருஷம் புகார் குடுத்தீங்களே, தண்ணி வந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க. இப்பவாவது கேக்கத் தோணுச்சே!"

கணக்குப்புலி 'தீர்ந்தது' என்பதை அழித்துவிட்டு, புகாரை மறுபடி திறந்தாள்.