டிரம்மோரிக் குளத்தின் எட்டாவது ஆள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு பொய்யை எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. பிப்ரவரி 9, காலை எட்டு இருபது. பனிமேல் கல்லைச் சறுக்கி ஆடும் டிரம்மோரி கர்லிங் சங்கத்தின் குறிப்பேட்டில், செயலாளர் என்ற முறையில், அன்றைய ஆட்டக்காரர்கள், என்னையும் சேர்த்து, ஏழு பேரை வரிசையாக எழுதிவிட்டு, எட்டாவதாக 'ஆங்கஸ் பிரைட்' என்று எழுதினேன். அப்படி ஒருவர் உலகத்திலேயே இல்லை.

2

தொடக்கம் அ: மலைச்சரிவில் எட்டு வீடுகள், நடுவே ஒரு குளம், அதன் மேல் மூடுபனி தவழ

[அடித்துவிட்டேன். விடுதிக்காரர்களின் விளம்பரத் துண்டுத்தாள் போலிருக்கிறது.]

தொடக்கம் ஆ: 1838இல் எஸ்டேட் முதலாளி குளத்தை எங்கள் ஊருக்கு விட்டுக்கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. தொடர்ந்து பத்துக் குளிர்காலம் ஆட்டம் நடக்காவிட்டால் குளம் எஸ்டேட்டுக்கே திரும்பும். இரண்டு அணி, எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு கல். பதினாறாவது கல்லும் பனிமேல் சறுக்கினால்தான் அது ஆட்டம்.

இது இருக்கட்டும். ஒன்பது குளிர்காலமாகக் குளம் சரியாக உறையவில்லை. இது பத்தாவது, விடுமுறை வீடுகள் கட்ட எஸ்டேட்டில் வரைபடமே தயார். இந்த நிலையில்தான் அன்று காலை நான்கு மூலையிலும் துளையிட்டு அளந்தேன்: ஆறரை, ஆறு, ஆறு, ஐந்தே முக்கால் அங்குலம்! எட்டுப் பேரைத் தாங்கப் போதும்.

பிற்பகலில் மழை என்று வானொலி சொன்னது. எங்கள் எட்டாவது ஆளோ இடுப்பெலும்பை மாற்றிக்கொண்டு பக்கத்து நகரமான பெர்த்தில், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

3

பள்ளிப் பேருந்து ஓட்டும் செங்கா பிரிங்கிள் என்னைக் கூப்பிட வந்தவள், தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"யாருய்யா இந்த ஆங்கஸ் பிரைட்? எனக்குத் தெரியாம நம்ம ஊர்ல ஒருத்தன் குடியிருக்கானா?"

"கற்பனைப் பாத்திரம்."

"நல்லது. அவன் கல்லை யாரு தள்ளுவா, உங்க பேனாவா?"

நான் 1895ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். எட்டாவது ஆட்டக்காரர் பீட்டர் கிரே, அப்படியும் ஒருவர் இருந்ததில்லை.*

"அப்ப நம்ம ஊர்ப் பெருமையெல்லாம் புளுகா?"

"ஒரே ஒரு வரிதான், செங்கா."

"ஒரு வரி போதும், எஸ்டேட் வக்கீலுக்கு." என் பேனாவைப் பிடுங்கி ஆங்கஸை அடித்தாள். பாவம், அவருக்குச் சிவப்புத் தாடி வைக்கலாம் என்றிருந்தேன்.

* இந்தப் பெயர் கல்லறையிலும் இல்லை, தேவாலயப் பதிவேட்டிலும் இல்லை. ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டேன். எனக்கு முன்னிருந்த செயலாளரும் ஒரு கதாசிரியர்தான்.

4

பதினொரு மணி. குளக்கரையில் எஸ்டேட் மேனேஜர் லோரிமர், ஆட்டம் நடக்கவில்லை என்று படம் பிடிக்க வந்து நின்றார். இவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். ஆனால் தலையில் கையால் பின்னிய மஞ்சள் குல்லா, உச்சியில் ஒரு குஞ்சம். எந்த வில்லன் அப்படி வருவான்?

"ஏழு பேர்தானே நிக்கிறீங்க?" என்றார்.

"சாருக்கு எண்ணத் தெரியுதே!" என்றார் எங்கள் தலைவர் வாட்டி கெடிஸ். ஐந்நூறு ஆடு வைத்திருப்பவர்.

செங்கா நேராகப் போய் லோரிமரிடம், கல்லின் பாதையில் பனியைத் தேய்க்கும் ஒரு துடைப்பத்தை நீட்டினாள். "எங்க வழக்கம் சார். ஆள் குறைஞ்சா கரையில நிக்கிறவங்க எறங்கணும்."

"நான் எஸ்டேட் ஆளும்மா!"

"பனிமேல எஸ்டேட்டும் கிடையாது, ஆட்டுக்காரனும் கிடையாது. வழுக்கும், காலைப் பார்த்து வைங்க."

எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே உள்ள வழக்கம் அது. நூற்றெண்பது ஆண்டுகளாக அதை நகலெடுக்கிறோம். எனக்கு உறைக்கவே இல்லை! லோரிமர் துடைப்பத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்... இறங்கிவிட்டார்!

அவருடைய முதல் கல் பாதிக் குளத்திலேயே நின்றது. "என்ன சார், மேய விட்டுட்டீங்களா?" என்றார் வாட்டி. லோரிமர் விழுந்தார், எழுந்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். கற்கள் உறுமிக்கொண்டு போயின. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு! பதினைந்தாவது கல் நின்றபோது முதல் மழைத்துளி விழுந்தது. மீதி ஒரே கல். அவருடையது.

அப்போது அவர் கைபேசி அடித்தது. முதலாளி.

"ஆமா சார், குளத்துலதான்... எட்டுப் பேரா?" கல்லின் கைப்பிடியைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் இருங்க சார்."

5

முடிவு அ: அவர் கல்லை விடுகிறார். குளம் எங்களுடையது. [இனிக்கிறது. அவருடைய வேலை என்ன ஆகும்?]

முடிவு ஆ: கல்லை விடாமல் கரையேறுகிறார். அவருடைய இரண்டு பெண்களும் கல்லூரியில் படிக்கிறார்கள், பாவம். [இதுவும் நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் தொல்லை.]

முடிவு இ: இரவோடு இரவாகக் குளம்

வேண்டாம். முதல் இரண்டில் எதை எழுதினாலும் அவரை நான் தள்ளிவிட்டது போலாகும். ஒரு கையில் காதோடு சேர்த்த கைபேசி, மறு கையில் கைப்பிடி, குனிந்தபடி இருக்கிறார் மனிதர். எங்கோ பனி விரிசலிடும் சத்தம்.

"செயலாளரே!" வாட்டி கத்துகிறார். "எழுதிக் கிழிச்சது போதும், தேய்க்க வாய்யா!"

நான் லோரிமரின் அணி. அவர் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓட வேண்டியவன். பேனாவை இங்கே வைக்கிறேன், வாசகரே, எடுத்துக்கொள்ளுங்கள். கல் வந்தாலும் வராவிட்டாலும், இப்போது அதன் பாதையில் நான் நின்றாக வேண்டும்.