ரெண்டு ஜிபி நினைவு

மேசைக்கு அடியில் மண்டியிட்டு, வெளிச்சம் போட்ட செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் நாலாவது திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள் பெரியவள். மேசைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அப்பா மூச்சு விடுவது கேட்டது. மூக்கால் அல்ல, கழுத்தில் போட்டிருந்த துளை வழியாக. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஓர் இடைவெளி. மறுபடி ஒரு பிழிதல். நேற்று ராத்திரி வந்து இறங்கியபோது இருந்ததைவிட இடைவெளி நீண்டிருந்தது. அது வரும்போதெல்லாம் அவள் கை திருகாணியிலேயே நின்றுவிட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்டி?" என்றாள் அம்மா. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பஞ்சால் துளையின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போனை வாயிலிருந்து எடுத்தாள். "பத்து நிமிஷம்."

"அப்பவும் இதையேதான் சொன்ன."

"அப்பவும் பத்து நிமிஷம்தான், இப்பவும் பத்து நிமிஷம்தான். நீ பேசிக்கிட்டே இருந்தா இருபது."

அவள் பேச்சு அப்படித்தான், எதையும் நறுக்கென்று வெட்டிப் போடும். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். "படிப்போட சேர்த்து நாக்கையும் தீட்டிக் குடுத்து அனுப்பியிருக்கானுங்க" என்பார் சித்தப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் ஆளாகப் போகிறவளுக்கு நாக்கைத் தவிர வேறு துணை கிடையாது.

கம்ப்யூட்டரும் அவள் காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கியதுதான். பதினோரு வருஷம் ஆகிறது. "ரெண்டு ஜிபி மெமரி சார், கடல் மாதிரி. இந்த ஆயுசுக்குப் போதும்" என்றார் கடைக்காரர். மெமரி என்ற சொல் அப்பா வாயில் நுழையவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பஸ் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் மைக்கில் அறிவிப்புச் சொன்னவர் அவர். பிளாட்பாரத்தை நடைமேடை என்று முதலில் சொன்னது தான்தான் என்று பீற்றிக்கொள்வார். கம்ப்யூட்டருக்கும் நினைவு என்றே வைத்தார். "ரெண்டு ஜிபி நினைவு. மகளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. உங்கம்மாவுக்குத் தேவையில்ல, கல்யாணத்தன்னிக்கு எங்க அக்கா சொன்னதைக்கூட இன்னும் மறக்கல." அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் அது நினைவுதான். சித்தப்பாகூட, "உங்க பெட்டிக்கு நினைவு எவ்வளவு?" என்றுதான் கேட்பார்.

மைக்கில் ஒலித்த அந்தக் குரலைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர்கள் குரல்வளையோடு அறுத்தெடுத்தார்கள். கை நடுக்கத்தில் பேனா நிற்கவில்லை. ஒற்றை விரலால் பொத்தானை அழுத்த மட்டும் முடிந்தது. கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, விசைப்பலகையை அவர் மடியில் வைத்தார்கள். இங்கிலீஷ் எழுத்துகளை அழுத்தினால் திரையில் தமிழாக வரும், ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலம். தண்ணி. ஜன்னல். போதும். அம்மா உரக்கப் படித்துவிட்டு எழுந்துபோய் அதைச் செய்வாள்.

நாலு மாசத்துக்கு முன் வந்தபோது பெரியவள்தான் பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். "பழசு ஆபத்தும்மா. எவனாவது உள்ள பூந்துடுவான்."

"இந்த வீட்ல பூந்து என்னடி எடுக்கப் போறான்? உங்கப்பா மருந்துச் சீட்டையா?"

புதியது எழுந்து நிற்பதற்கே இரண்டு ஜிபியும் சரியாகப் போயிற்று. அதற்குப் பிறகு அப்பா அழுத்துவார், திரை சும்மா இருக்கும். ஒரு நிமிஷம், சில சமயம் மூன்று நிமிஷம் கழித்து, நெரிசலில் மாட்டிய பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்குகிற மாதிரி எழுத்துகள் மொத்தமாக வந்து விழும். அம்மா காத்திருக்கப் பழகிக்கொண்டாள். "இரு, வரும்" என்பாள், அவரிடமா கம்ப்யூட்டரிடமா என்று தெரியாது. கடைக்காரரிடம் போனில் கேட்டாள் பெரியவள். "நாலு ஜிபியாவது வேணும்மா. எட்டு இருந்தா நிம்மதி. வருஷா வருஷம் ஏத்தற சாமான் கூடிக்கிட்டே போகுது, வண்டி அதே வண்டிதானே?" அடுத்த மாசம் வாங்கிப் போடலாம் என்று நாலு மாசமும் தள்ளிப்போட்டாள். நேற்று அம்மா கூப்பிட்டு, "நீ வந்துடு" என்று மட்டும் சொன்னாள். பஸ் ஏறப் போகிற வழியில், கண்ணில் பட்ட கடையில் நாலு ஜிபி நினைவுத் துண்டு ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். போர்டு பழசு, எது பொருந்தும் என்று யாரையும் கேட்கவில்லை. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள், அவளுக்குத் தெரியாததா?

இன்று காலை எட்டரைக்கு அப்பா எழுத ஆரம்பித்தார். வழக்கம்போல ஒரு சொல் அல்ல. அழுத்தினார், மூச்சு வாங்கினார், மறுபடி அழுத்தினார். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடியது. நடுநடுவே தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. வெளுத்துப் போய் நின்றது.

"இரு, வரும்" என்றாள் அம்மா.

"வராதும்மா. செத்துப்போச்சு இது." யார் மேல் கோபம் என்று தெரியாமல், பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை இருண்டது.

அப்பாவின் விரல் பலகைக்கு மேலே அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் மேசைக்கு அடியில் புகுந்தாளோ என்னவோ.

பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கழன்று வந்தது. உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. பழைய இரண்டு ஜிபி துண்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பள்ளத்தில் புதுத் துண்டை வைத்து அழுத்தினாள். கிளிக் என்றது. ஓடவிட்டாள். காற்றாடி சுழன்றது. பிறகு நீளமாக ஒரு பீப். நின்று, மறுபடி பீப். திரை கறுப்பு.

புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பார்த்தாள். அதே பீப். நேற்றுவரை நொண்டிக்கொண்டாவது ஓடியதும் இப்போது ஓடவில்லை.

மேலே 'டக்' என்றது. கொஞ்சம் கழித்து இன்னொரு 'டக்'.

"எழுதறார்" என்றாள் அம்மா.

"மெஷின் ஓடலம்மா."

"நீ அணைச்சதைப் பாத்துக்கிட்டுதானே இருந்தார். தெரியும் அவருக்கு. இருந்தும் எழுதறார்."

"எந்த எழுத்துன்னு பாரு."

"இங்கிலீஷ்ல இருக்கறதை நான் என்னத்தைப் பாக்க? ஒரு கொக்கி. அப்புறம் நாற்காலி மாதிரி ஒண்ணு. திரும்பக் கொக்கி. நீ எந்திரிச்சு வந்து பாரேன்."

எழுந்தால் இரண்டு எட்டு. எழுந்து பார்த்தால் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். "இதோ ஓடிடும்மா, திரும்ப எழுதட்டும்" என்றாள், பெட்டிக்குள் தலையை விட்டபடி.

டக்.

வாசலில் சித்தப்பாவின் செருப்புச் சத்தம் வந்தது. காதில் போனோடு அறை வாசலில் நின்றார். டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இருங்க சார், கேட்டுச் சொல்றேன்" என்றவர், மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்துக் கேட்டார். "பாப்பா, நினைவு இருக்கா?"

"நாலு ஜிபி போட்டேன் சித்தப்பா. எடுத்துக்க மாட்டேங்குது. பழசும் வேலை செய்யல."

ஈரத் துணியைப் பிழிகிற சத்தம் ஒரு தடவை வந்தது.

"அண்ணனுக்குக் கேட்டேன்மா" என்றார் சித்தப்பா.

"இருக்கு" என்று அம்மா பதில் சொன்னாள். "கண்ணு மூடியிருக்கு. ஆனா விரல் அசையுது. இருக்குன்னு சொல்லுங்க."

சித்தப்பா அதையே போனில் சொல்லிக்கொண்டு வெளியே போனார். பெரியவள் தன் போனில் கடைக்காரரைப் பிடித்தாள்.

"ரெண்டும் ஒரே வேகமாம்மா? பாக்காம வாங்கிட்டீங்களா? சரி விடுங்க. பழைய துண்டோட ஓரத்துல இருக்கற உலோகப் பல்லு மங்கியிருக்கும். ரெண்டையும் வெளிய எடுத்து அழிரப்பரால நல்லாத் தேய்ங்க, பளபளன்னு ஆகிற வரைக்கும்."

"ரப்பரா?"

"பென்சில் எழுத்தை அழிப்போமே, அதேதான்."

சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் ரப்பருக்கு எங்கே போவது? இரண்டு துண்டுகளையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கட்டில் பக்கம் திரும்பவில்லை.

"அடுத்த ரூம் அலமாரில உன் காலேஜ் டப்பா இருக்கு" என்றாள் அம்மா. "எதையும் தூக்கிப் போடல நான்."

இருந்தது. காய்ந்து, ஓரம் கறுத்த ரப்பர். அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டு தேய்த்தாள். துகள் துகளாக உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுத்தது. நின்றது. தேய்ப்பதை நிறுத்தினாள். இழுத்தது. தேய்த்தாள். அவள் தேய்த்தால்தான் மூச்சு வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்து பிடரியைப் பிடித்துக்கொண்டது. விரல் எரிய எரியத் தேய்த்தாள்.

"கொஞ்சம் வா" என்றாள் அம்மா.

"வரேன்."

மங்கிய பல் ஒவ்வொன்றாகத் தங்க நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் நாலைந்துதான்.

"வா."

குரலில் 'கொஞ்சம்' இல்லை. பெரியவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ரப்பர் பல்லில் உராயும் சத்தம் மட்டும் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் போனபோது அம்மா இன்னும் பஞ்சால் துளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும். அப்பாவின் ஆள்காட்டி விரல் பலகையின் மேல் ஒரு பொத்தானை அழுத்தியபடியே கிடந்தது. அது எந்த எழுத்து என்று அவள் பார்ப்பதற்குள், சித்தப்பா வந்து கையை எடுத்து மார்பின் மேல் வைத்துவிட்டார்.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாலைந்து பேர் சேர்ந்து அப்பாவை முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். பஸ் நிலையத்து ஆட்கள் வந்தார்கள், டிரைவர்கள், டிக்கெட் கொடுப்பவர்கள். "மைக் அண்ணன் ஊர்ப் பேரைச் சொன்னா, அந்த ஊருக்கே போகணும்போல இருக்கும்" என்றார் ஒருவர். "நம்ம பஸ்ஸைப் பாத்தா வந்த ஆசையும் போயிடும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். இரண்டு பேர் சிரித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்கள்.

பெரியவள் யாரோடும் உட்காரவில்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டில் காலியாக இருந்தது. விசைப்பலகையை யாரோ மேசை மேல் எடுத்து வைத்திருந்தார்கள். கை சும்மா இருந்தால் என்ன செய்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. மேசைக்கு அடியில் புகுந்து இரண்டு துண்டுகளையும் பள்ளங்களில் வைத்து அழுத்தினாள். பொத்தானைத் தட்டினாள்.

சின்னதாக ஒரே ஒரு பீப். திரை விழித்துக்கொண்டது. ஆறு ஜிபி. அவர் எழுதும் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. வெள்ளைப் பக்கத்தின் தொடக்கத்தில் கறுப்புக் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"சத்தம் கேட்டுச்சே. ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப வரும்ல?"

"என்னம்மா?"

"காலைல அவர் எழுதினது. பத்து நிமிஷம் எழுதினாரே. நீ அணைச்சதுக்கு அப்புறமும் அழுத்திக்கிட்டேதான் இருந்தார். எல்லாம் உள்ளதானே போயிருக்கும்?"

பொத்தானை அழுத்திப் பிடித்த அந்த நொடியிலேயே நினைவிலிருந்தது அத்தனையும் போய்விட்டது. அதற்குப் பிறகு அழுத்தியது எதுவும் உள்ளே போகவே இல்லை. அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டு பேருக்கு இதை அவள் சொல்கிறாள். சேமிக்காதது போனது போனதுதான், ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த ஆள் வாங்க. ஒரே மூச்சில் வரும். இப்போது வாயைத் திறந்தாள். தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

"நினைவுன்னுதானே சொல்வார்?" என்றாள் அம்மா. "நினைவு எங்க போயிடும்?"

"பாக்கணும்மா" என்று சொல்லிவிட்டாள் பெரியவள். எதையாவது செய்கிற மாதிரி பலகையின் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"நீ கைய வைக்காத. மறுபடி அணைச்சுடப் போற."

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு நேராக உட்கார்ந்தாள். கண்ணாடியைப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். சித்தப்பா வந்து தலையை நீட்டினார். "அண்ணி, எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க."

"அஞ்சு நிமிஷம்" என்றாள் அம்மா, திரும்பாமல்.

கறுப்புக் கோடு தோன்றியது, மறைந்தது, தோன்றியது. சித்தப்பா பெரியவளைப் பார்த்தார். அவள், மின்சாரக் கம்பி செருகியிருந்த சுவிட்சின் மேல் யார் கையும் தவறிப் பட்டுவிடாதபடி, சுவரோரம் போய் அதை மறைத்து நின்றாள்.