சுவரோரம் நின்றவள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, அக்காவிடமிருந்து பிடுங்கியது. அக்கா டாக்டர். விபத்தில் அடிபட்டு வருபவர்களை முதலில் எப்படிப் பார்ப்பது என்று டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், நிஜமாகவே கூடுதல் பேர் பிழைக்கிறார்களா? அதைச் சோதிக்கும் ஆய்வில் இருக்கிறாள். சீட்டுக் குலுக்கிப் பாதி ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று. மீதிக்கு, பலன் நிரூபணமானால் மட்டும்தான்.

2

"தரையெல்லாம் இரத்தம், அதன் நடுவே ஒரு..."

(வேண்டாம். இரத்தத்தைக் காட்டி வாசகரை இழுப்பது மலிவு.)

மறுபடி. பயிற்சி தராத ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில், சுவரோரம் அக்கா நிற்கிறாள். பார்க்கலாம், பேசக் கூடாது. அவள் வேலை அவ்வளவுதான். சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். காலில் எலும்பு வெளியே தெரிகிறது. டியூட்டி டாக்டரின் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கட்டுப் போடுகிறார், அழகாகத்தான் போடுகிறார். நெஞ்சின் ஒரு பக்கம் ஏறி இறங்கவே இல்லை. அதை அக்கா மட்டும் பார்க்கிறாள்.

"கால விடுங்க டாக்டர், மூச்சப் பாருங்க!"

டாக்டர் திடுக்கிட்டு நெஞ்சில் ஊசியைக் குத்தி, அடைபட்டிருந்த காற்றை வெளியேற்றினார். பெயின்டர் பிழைத்தார்.

3

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஆய்வுக்கு ஒரு விதி உண்டு: எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாரோ, அந்தக் கணக்கில்தான் நோயாளி சேர்வார். ஆக, பெயின்டர் 'பயிற்சி இல்லாமலே பிழைத்தவர்' ஆகிவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமோ மயிரிழை. இவர் ஒருவரால் அதுவும் போகலாம். போனால், மீதி ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சி கிடையாது.

(அக்காவைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. சின்ன வயதில் என்னை அடித்துவிட்டு அவள்தான் அழுவாள்.)

4

நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்த ஒரு வரிய எடுத்துடுடா."

"எதக்கா?"

"நான் பேசினத."

"எடுத்தா அவர் செத்துருவாரேக்கா."

"கதையிலதானே? நான் வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஒரு தடவ பாத்துக்கறேன். இதே மாதிரி கால்ல கட்டோட எத்தன பேர் செத்துட்டிருக்காங்க, தெரியுமா உனக்கு?"

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். வரி இருந்தால் பெயின்டர் வீட்டுக்குப் போகிறார், ஆய்வு தோற்கிறது. வரி இல்லையென்றால் ஆய்வு ஜெயிக்கிறது, முகம் தெரியாத பலர் பிழைக்கிறார்கள்.

எதை வைத்துக்கொள்ளவும் எனக்குத் தைரியமில்லை. பேனாவை நீங்களே பிடியுங்கள். வரியை அடிப்பதானால் அடிக்கலாம். அதற்கு முன் ஒன்று, இவ்வளவு நேரம் வேண்டுமென்றேதான் சொல்லாமல் வைத்திருந்தேன். அவசரப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் பெயின்டரின் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறந்தால் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.