ஆறாவது பைப்

பெட்ரோல் டேங்கின் கடைசி போல்ட்டும் கழன்று சின்னவனின் மார்பில் விழுந்தது. அவன் பட்டறையில், வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். நேற்று அண்ணனை வெளியே எடுப்பதற்காக வண்டியைத் தூக்கி அடியில் கொடுத்த நான்கு மரக்கட்டை முட்டுகள் அப்படியே இருந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனின் உடலைக் கொண்டுவந்துவிடுவார்கள். பிற்பகலில் போலீஸ் வரும். அதுவரை வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்கள் வருவதற்குள் ஒரு பைப் புதிதாகிவிட்டால் சின்னவன் சொன்னது பொய்யாகாது.

காட்டுப் பாதையில் ஓடுகிற அந்தப் பழைய வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. எண்ணெயின் அழுத்தம்தான் அதைத் தூக்கி நிறுத்தும். விரல் பருமன்கூட இல்லாத ஆறு இரும்புப் பைப்புகள் அந்த எண்ணெயைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். ஒன்று உடைந்தாலும் வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். ஆறும் துருப்பிடித்திருந்தன. ஐந்தைச் சின்னவன் ஒழுங்காகவே மாற்றினான். ஆறாவது, டேங்குக்கு மேலே ஓடியது. டேங்கை இறக்க வேண்டும், போல்ட்டெல்லாம் இறுகிக் கிடக்கிறது, அரை நாள் போய்விடும் என்று அவனுக்குச் சோம்பல். வெளியே தெரிகிற நுனியை மட்டும் சுரண்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, முந்தாநாள் சாயங்காலம், "ஆறும் புதுசுண்ணா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

நேற்று மதியம் எஞ்சினை ஓடவிட்டு வண்டியை உயர்த்தி நிறுத்திவிட்டு, எண்ணெய் டின் வாங்க அடுத்த தெருவுக்குப் போனான். திரும்பி வந்தபோது வண்டி தரையோடு உட்கார்ந்திருந்தது. அடியில் அண்ணனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

முட்டுக் கட்டை வைக்காமல் அண்ணன் கட்டிலுக்கு அடியில்கூடக் குனியமாட்டார் என்று தெருவே கேலி பேசும். அப்பேர்ப்பட்டவர் நேற்று ஒரு கட்டைகூட வைக்காமல் படுத்திருக்கிறார். ஏன் என்று ராத்திரியெல்லாம் யோசித்ததில் ஒரே பதில்தான் கிடைத்தது. தம்பி புதுசு என்றான், அண்ணன் நம்பினார்.

டேங்கை இறக்கிவிட்டுப் பழைய பைப்பை இழுத்தான். கையோடு இரண்டு துண்டாக வந்தது. புதியதை வளைத்துப் பொருத்தி முறுக்கினான். டேங்கை ஏற்றிவிட்டு வெளியே வந்து மணி பார்த்தான். அரை நாள் என்று மலைத்த வேலை நாற்பது நிமிஷத்தில் முடிந்திருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நேற்று வாங்கிய டின்னிலிருந்து எண்ணெயை நிரப்பி எஞ்சினைப் போட்டான். வண்டி மெல்ல எழும்பிக் கட்டைகளை விட்டு விலகி நின்றது.

"மாத்திட்டியா?"

அண்ணி கதவோரம் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இல்ல அண்ணி, நான் அன்னைக்கே ஆறும்..."

"வேண்டாம் தம்பி." கீழே கிடந்த பைப் துண்டைக் காலால் ஒதுக்கினாள். "அவருக்குத் தெரியும். நேத்து காலையில சாப்பிடும்போதே சொன்னாரு. டேங்க் போல்ட்டுல துரு அப்படியே இருக்கு, இவன் தொடவே இல்லன்னு."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கல?"

"போன வாரம் நாலு பேர் முன்னாடி உன்னைத் திட்டிட்டாரு. நீ ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தே. மறுபடியும் கேட்டா அவன் மூஞ்சி சுண்டிப்போயிடும், அவன் கடைக்குப் போற நேரத்துல நானே பூந்து பாத்துக்கிறேன்னாரு."

கட்டைகளை இழுத்து வைத்து, பார்த்துவிட்டு, மறுபடி சுவரோரம் அடுக்கக் கால் மணி நேரமாவது ஆகும். எண்ணெய்க் கடைக்குப் போய்வரப் பத்து நிமிஷம். தம்பி வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று அண்ணன் அவசரப்பட்டிருக்கிறார். நம்பினார் என்ற அந்த ஒரு ஆறுதலும் சின்னவனுக்குப் போயிற்று.

"போலீஸ்ல உண்மையச் சொல்லிடறேன் அண்ணி."

"சொல்லாத."

"அண்ணி..."

"உன் பொய் வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அந்த மனுஷன் உள்ள போனாரு. உயிரையும் விட்டாரு. இப்ப நீ போய்ச் சொல்லி அதையும் ஒண்ணுமில்லாம ஆக்காத. ஆறும் புதுசு, ஜாயிண்ட் கழண்டுக்கிச்சுன்னு சொல்லு. கட்டை வைக்காம படுத்தது அவர் தப்புன்னு எழுதிட்டுப் போகட்டும்."

"அவர் தப்புன்னா? என்னால முடியாது அண்ணி."

"என்னால மட்டும் முடியுதா?"

தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. வீட்டுக்குள் அழுகை ஓங்கியது. அண்ணி உடனே போகவில்லை. வண்டிக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது. இருவரும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.